ஊட்ல ஒரு வார்த்தை

வாங்க அம்மிணி, உள்ள வாங்க. செருப்ப அங்கியே உடுங்க. கோகிலாவப் பாக்கத்தானே? நான் அவ ஊட்டுக்காரன். இப்பத்தான் போன் பண்ணுனா. இன்ஸ்பெக்சனுக்கு யாரோ வந்துட்டாங்களாமா, வரச் சித்த நேரமாகுமாமா. காலேஜ்ல இருந்து ஒரு பொண்ணு வரும் மாமா, உக்கார வெச்சுப் பேசிக்கிட்டிருங்கன்னா. எனக்குச் சொல்றா பாருங்க. ஊட்டுக்கு வந்த ஒறம்பறைய உக்கார வெக்கத் தெரியாதவனா நானு.

மேடம்னு கூப்பிடலைன்னு வெசனப்படாதீங்க. உங்களுக்கு என்ற மக வயசுதான் இருக்கும், அதான் அம்மிணின்னு வருது. மேடம் மேடம்னு கம்பெனில கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப் போச்சு. ஊட்லயாவது அந்த வார்த்தை இல்லாம இருக்கட்டும்.

காப்பி போடட்டுமா? இருங்க, சக்கரை டப்பா... இங்கதான் இருந்துச்சு. அவ வேலைக்குப் போனதுல இருந்து ஊட்டுல பாதிய நாந்தான் பாக்கறேன். ஆனா இந்த டப்பாவெல்லாம் எடம் மாத்தி மாத்தி வெச்சுருவா. மோரு குடிக்கறீங்களா? பிரிட்ஜ்ல இருக்கும்.

என்னம்மா ஆராய்ச்சி உங்களுது? குடுங்க பாக்கலாம். 'தொழிற்சாலைகளில் பெண் மேலாளர்களும் தலைமைப் பண்பு வளர்ச்சியும்.' சரிதான். இதுக்கு டாக்டர் பட்டம் குடுப்பாங்களா? குடுக்கட்டும், நல்லா படிங்க. அவகிட்ட கேக்கறத எங்கிட்டயும் கேக்கலாம். அவ எப்புடி மேனேஜரானான்னு அவளவிட எனக்குத்தான் நல்லாத் தெரியும்.

நீங்க கேக்கறதுக்கு முந்தியே ஒண்ணு சொல்லிர்றேன். எனக்குப் பொறாமையெல்லாம் கெடையாது. எல்லாரும் அதத்தான் கேக்கறாங்க. டீக்கடைல கேக்கறாங்க, கல்யாணத்துக்குப் போனா பந்தியில உக்காந்துக்கிட்டுக் கேக்கறாங்க, பொண்டாட்டிக்குக் கீழ வேல பாக்கறது எப்புடிங்க இருக்குதுன்னு. நல்லாத்தான் இருக்குதுன்னு சொல்லுவேன். வேறென்ன சொல்றது?

நாங்க ரெண்டு பேரும் ஒரே பம்பு கம்பெனி. அசெம்ப்ளில நான் சூப்பர்வைசர். கல்யாணத்துக்கு முந்தி இருந்தே அங்கதான். அவ வந்தப்ப வெறும் ப்ளஸ் டூ. மோட்டாருக்குள்ள காப்பர் கம்பி சுத்தற செக்சனுக்குப் பொண்ணுங்க வேணும்னாங்க. அதுக்குப் பொறுமை வேணும், வெரலு நைசா இருக்கோணும், அதனால பொம்பளைங்களத்தான் உக்கார வெப்பாங்க. நாந்தான் வண்டியில கூட்டிட்டுப் போயிச் சேத்துவுட்டேன். பொறவு வேல முடிஞ்சு சாயங்காலத்துல படிச்சு அவளா டிப்ளமோ வாங்கி அந்த செக்சனுக்கே சூப்பர்வைசராவும் வந்துட்டா, அது வேற. சேத்துவுட்டது நானு.

இத எங்கியாவது சொல்லியிருக்காளான்னா, சொல்லியிருக்கா. மகளிர் தினத்தன்னிக்கு மைக்கப் புடிச்சு, என்னைய இந்தக் கம்பெனிக்குக் கூட்டிட்டு வந்தது என்ற வீட்டுக்காரருதான்னா. எல்லாரும் கைதட்டுனாங்க. அவளப் பாத்துத் தட்டுனாங்க. நான் மூணாவது வரிசைல உக்காந்திருக்கறேன், ஒருத்தராவது திரும்பிப் பாக்கோணுமே.

சரி, அத உடுங்க. இந்தப் பயிற்சி எப்புடி வந்துச்சுன்னு கேளுங்க. வெளிநாட்டுக்காரன் ஒருத்தன் மொத்தமா பம்பு வாங்க வந்தான். பம்பு எத்தன அடி தண்ணி தூக்கும்னு கேப்பான்னு பாத்தா, உங்க மேனேஜருங்கள்ல பொம்பளைங்க எத்தன பேருன்னு கேட்டிருக்கறான். எங்காளுங்க முழிச்சிருக்காங்க. ஒருத்தி இல்ல. அப்புறந்தான் அவசர அவசரமா பொம்பளைங்களுக்குத் தலைமைப் பண்புப் பயிற்சின்னு ஆரம்பிச்சாங்க. வாராவாரம் சனிக்கெழம, ஏ.சி. ஹாலு, மத்தியானம் சாப்பாடு. ஆம்பளைங்களுக்கு ஏன் இல்லேன்னு நான் கேட்டேன். உங்களுக்கெல்லாம் அது பொறப்புலயே இருக்குதுங்கன்னு சிரிச்சாங்க. அவங்க கேலி பண்ணுனாங்களா நெசமாச் சொன்னாங்களான்னு இன்னிக்கும் எனக்குத் தெரியல.

போலாமா மாமான்னு கேட்டா. போயிட்டு வா, சாப்பாடு நல்லாருக்கும்னு நாந்தான் அனுப்பி வெச்சேன். எழுதிக்கோங்க, அனுப்புனது நானு. நாலு சனிக்கெழம போயிட்டு நிறுத்திருவான்னு நெனச்சேன். அவ நிறுத்தல.

சென்னையில இருந்து ஒரு அம்மா வந்து நடத்துச்சு. பாடமெல்லாம் வினோதமா இருக்கும். ஒரு வாரம், பேச்ச ஆரம்பிக்கறப்ப 'தப்பா நெனச்சுக்காதீங்க'ன்னு சொல்லக் கூடாது. அது ஒரு பாடம். நம்மு பொம்பளைங்க எதையுமே அப்புடித்தானே ஆரம்பிப்பாங்க? தப்பா நெனச்சுக்காதீங்க, இந்தக் கம்பி பத்தாதாட்டிருக்குது. தப்பா நெனச்சுக்காதீங்க, மழை வர்றாப்ல இருக்குது. அத உட்டுட்டு நேரா விசயத்தச் சொல்லோணுமாமா.

கம்பெனில சொல்லாம இருக்கட்டும், அது அவ பாடு. ஊட்லயும் நிறுத்திட்டா. ஒரு நாளு கொழம்புல உப்புக் கம்மின்னேன். முந்தியா இருந்தா ஐயோ மறந்துட்டேன் மாமான்னு ஓடியாருவா. அன்னிக்கு, "உப்பு உங்க கைக்குப் பக்கத்துலயே இருக்குது மாமா"ங்கறா. கோவமில்ல, எரிச்சலில்ல, சாதாரணமாச் சொல்றா. எடுத்துப் போட்டுக்கிட்டேன். என்ன பண்றது.

அப்பறம் பழைய மேனேஜர் ரிட்டயர் ஆனாரு. அந்த எடம் எனக்குத்தான்னு லைனே பேசிக்கிட்டிருந்துச்சு. நானும் எழுதிக் குடுத்தேன், அவளும் எழுதிக் குடுத்தா. ரெண்டு பேரும் ஒரே வண்டியிலதான் இன்டர்வியூவுக்குப் போனோம். வழியில நெத்தியில குங்குமம் சரியா இருக்குதான்னு எங்கிட்டக் கேட்டா. சரியா இருக்குதுன்னேன். அவளுக்குக் கெடச்சுது.

ஸ்வீட் வாங்கிட்டு வந்து லைன் பூரா குடுத்தது நாந்தான். யார வேணா கேட்டுப் பாருங்க. ரெண்டு நாளைக்கு எனக்குத் தொண்டைல சோறு எறங்கல, அது வயித்துக் கோளாறு.

இப்ப ஒரு விசயம் சொல்றேன், சிரிக்கக் கூடாது. அவ மேனேஜரான மொத நாளு, காலைல மீட்டிங். ஒவ்வொரு லைனா நேத்து எத்தன பம்பு முடிஞ்சுதுன்னு கேக்கறா. சதாசிவம், உங்க லைன்ல எத்தனை? ராபர்ட், உங்க லைன்ல? கணக்கா, மரியாதையாக் கேட்டுக்கிட்டே வர்றா. எங்கிட்ட வந்ததும், "மாமா, உங்க லைன்ல எத்தன?"ன்னுட்டா.

அவ்வளவுதான். ஹாலே குலுங்கிப் போச்சு. சிரிச்சு முடிக்க வெகுநேரமாச்சு. அவ மூஞ்சி செவந்து போச்சு. எனக்கும் சங்கடமா இருக்கறாப்ல மூஞ்சிய வெச்சுக்கிட்டேன். ஆனா உள்ளுக்குள்ள குளுகுளுன்னு இருந்துச்சுங்க. நெசமாச் சொல்றேன். அத்தன பேருக்கும் அவ மேடம். நான் ஒருத்தன் மட்டும் மாமா. மேனேஜரோ கலெக்டரோ, யாரா இருந்தாலும் இவ என்ற பொண்டாட்டின்னு எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சில்ல. நான் சொல்லல, அவ வாயிலயே வந்துச்சு.

அதுக்கப்பறம் கேண்டீன்ல பசங்க என்னைய மாமா மாமான்னு ஓட்ட ஆரம்பிச்சானுங்க. அந்த வார்த்தைக்கு வேற அர்த்தம் இருக்குதில்ல, அத வெச்சுக்கிட்டு. அத அவளும் கேட்டுருக்கறா. அடுத்த நாளு மீட்டிங்ல எங்கிட்ட வந்தா, நிமுந்து பாத்தா, "சென்னியப்பன், உங்க லைன்ல எத்தன?"ன்னா.

சென்னியப்பன்.

அம்மிணி, இருவத்தஞ்சு வருசத்துல அவ வாயில இருந்து அந்தப் பேரு வந்ததில்ல. ஆஸ்பத்திரில சீட்டுப் போடறப்ப பேரு என்னன்னு கேட்டாக்கூட என்னையத் திரும்பிப் பாப்பா, நீங்களே சொல்லுங்கன்னு. ரேசன் கடைல மகளோட அப்பாம்பா. அவ்வளவு மரியாதையா வெச்சிருந்த பேர, சதாசிவத்துக்கும் ராபர்ட்டுக்கும் நடுவுல வரிசைல நிறுத்தி வெச்சு, எடுத்துச் சொல்லிட்டுப் போயிக்கிட்டே இருக்கறா. ஒருத்தனும் சிரிக்கல. சிரிச்சிருந்தாக்கூடப் பரவால்லீங்க.

எத்தனைன்னு கேட்டா, எனக்கு நெம்பர் மறந்து போச்சு.

சாயங்காலம் ஊட்டுக்கு வந்து கேட்டேன், என்ன பேரெல்லாம் பலமா வருதுன்னு. உங்களக் கேலி பண்றாங்க மாமா, எனக்கு மனசு கேக்கலன்னா. என்னையக் காப்பாத்துனாளாமா. நான் கேட்டனா? கேலி பண்ணுனா நான் பாத்துக்க மாட்டனா?

அதுல இருந்து எதுக்கெடுத்தாலும் அவகிட்டத்தான் போறானுங்க. லீவு வேணுமா, கோகிலா மேடம். மிசின்ல கோளாறா, கோகிலா மேடம். ராபர்ட்டோட கொழந்தைக்குக் காச்சல்னா அத ஞாபகம் வெச்சு அடுத்த நாளு விசாரிக்கறா. அவனும் அவகிட்டச் சிரிச்சுச் சிரிச்சுப் பேசறான். என்ற பிரசர் மாத்திரை ஞாபகமிருக்குதான்னு கேட்டீங்கன்னா, இருக்குது, இல்லேங்கல. டேபிள் மேல எடுத்து வெச்சுட்டுத்தான் போறா. முந்தி கையில குடுப்பா.

ஒருக்கா எங்க லைன்ல பம்பெல்லாம் லீக் டெஸ்ட்ல நிக்காமப் போச்சு. தண்ணி கசியுது. மீட்டிங்ல எழுப்பி நிறுத்திக் கேக்கறா, சென்னியப்பன், ஏன் இத்தன ரிஜெக்டுன்னு. அத ஊட்டுக்குப் போயிப் பேசிக்கலாம் கோகிலான்னேன். பசங்க சிரிச்சானுங்க. அவ சிரிக்கல. "ஊட்டுப் பேச்சு ஊட்ல, லைன் பேச்சு லைன்ல. ரப்பர் ரிங்க மாத்துனது யாரு?"ங்கறா. கேக்கறதுக்கு முந்தியே தெரிஞ்சு வெச்சிருக்கறா. லைன்ல ரிங் மாட்டற பொண்ணுங்ககிட்ட விசாரிச்சிருக்கறா.

மாத்துனது நாந்தான். சரியான சைஸு தீந்து போச்சு, பக்கத்து சைஸு நிக்கும்னு போட்டேன். இத்தன வருசமா பம்பு பாக்கறவன், எனக்குத் தெரியாதா? நிக்கல, அது வேற விசயம். அதுக்கு அத்தன பேரு முன்னாலயா கேக்கறது?

அன்னிக்கு ராத்திரி வழக்கமாட்ட தோசை ஊத்திப் போட்டா. இன்னொண்ணு வெக்கட்டுமா மாமாங்கறா. மூஞ்சியில ஒண்ணுமே இல்ல. சண்டை போட்டிருந்தா நானும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

எழுதிக்கிட்டீங்களா? மோரு குடிங்க, பொறவு எழுதலாம். குடும்ப ஆதரவுன்னு ஒரு கேள்வி வெச்சிருக்கீங்களே, அதுல முழு ஆதரவுன்னு போட்டுக்கோங்க. சமையலுக்கு ஆளு வெச்சுக்கன்னுகூடச் சொல்லிட்டேன். அவதான் வேண்டாம்னுட்டா. போன மாசம் அவளுக்கு நல்ல மேனேஜர்னு பரிசு குடுத்தப்ப பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கிட்டேன். பேப்பர்ல வந்தப்ப என்னைய வெட்டிட்டானுங்க. தோள்பட்டை மட்டும் தெரியுது.

ஓசூர் விசயம் உங்களுக்குத் தெரியுமா? தெரியாதா? அது இப்ப நடந்ததுதான். ஓசூர்ல புதுசா ஒரு யூனிட் கட்டிட்டாங்க. அதுக்குத் தலைமையா ஒரு ஆளு வேணும். மொத்த யூனிட்டும் அந்த ஆளு கையில. கடைசியா மூணு பேர நிறுத்துனாங்க. ரெண்டு ஆம்பளைங்க, மூணாவது இவ. கம்பிச் சுத்து செக்சன்ல ஸ்டூல் போட்டு உக்காந்திருந்தவ.

அவளுக்கு ஆசைங்க. வாய் தொறந்து சொல்ல மாட்டா. ஓசூர்ல வாடகை எப்புடி, தண்ணி எப்புடின்னு யாரு யாருகிட்டயோ விசாரிக்கறா. காலைல நேரத்துல எந்திரிச்சுக் கண்ணாடி முன்னால நின்னு இங்கிலீசுல பேசிப் பழகறா. எனக்கும் அங்கியே மாத்தல் குடுப்பாங்களாமா. ஒரு நாளு துணி மடிச்சுக்கிட்டே, போலாமா மாமான்னா. உன் இஷ்டம்னேன்.

உன் இஷ்டம்னா என்ன அர்த்தம்னு பொண்டாட்டிக்குத் தெரியாதா? தெரியும். முந்தியெல்லாம் அந்த வார்த்தையக் கேட்டா அதோட உட்டுருவா. இந்தத் தடவ, சரிங்க மாமான்னுட்டு மடிச்ச துணிய எடுத்து வெக்கப் போயிட்டா. அந்தச் சென்னைக்கார அம்மா இதுக்கும் ஏதோ பாடம் நடத்தியிருக்குமாட்டிருக்குது.

நான் ரோசன பண்ணிப் பாத்தேன். இங்கயாவது அவ வர்றதுக்கு முந்தியே என்னைய எல்லாருக்கும் தெரியும். சென்னியப்பன்னா ஒரு பழைய ஆளு. ஓசூருக்குப் போனா நான் யாரு? கேட்ல நிக்கற செக்யூரிட்டிகூட, இவருதான் கோகிலா மேடத்தோட ஊட்டுக்காரரும்பான். அப்புறம் சாகற வரைக்கும் அதுதான் என்ற பேரு.

எங்க கம்பெனில ஒரு நல்ல பழக்கம் உண்டு அம்மிணி, இதக் கண்டிப்பா எழுதோணும் நீங்க. பொம்பளைங்களுக்கு வெளியூர்ல பதவி குடுக்கறதுக்கு முந்தி, ஊட்ல ஒரு வார்த்தை கேட்டுக்குவாங்க. ஆம்பளைங்களுக்கு அதில்ல, அவங்க ஊட்ல என்ன கேக்கறது? பொம்பளைங்கன்னா அப்பாவுக்கோ ஊட்டுக்காரருக்கோ போன் போட்டு, உங்களுக்குச் சம்மதந்தானேன்னு கேப்பாங்க. அது ஒரு மரியாதை. என்ற விசயத்துல போனு எதுக்கு, நான் அங்கியேதான் இருக்கறேன். அதனால ஹெச்.ஆர். மேனேஜர் பிரான்சிஸ் சார் என்னைய ரூமுக்கே கூப்பிட்டாரு.

உக்காரச் சொன்னாரு. டீ வரவழச்சாரு. ரொம்ப நாளைக்கப்பறம் அந்த ரூம்ல என்னைய ஒருத்தரு உக்காரச் சொல்றாரு. "சென்னியப்பன், கோகிலாவுக்குத்தான் குடுக்கலாம்னு இருக்குது. மூணு பேர்ல அவங்கதான் முன்னால நிக்கறாங்க. ஊட்ல ஒண்ணும் பிரச்சினை இல்லியே?"ன்னு கேட்டாரு.

எனக்கு ஒண்ணும் பிரச்சினை இல்லீங்க சார்னேன். அத மொதல்ல சொல்லிட்டேன், குறிச்சுக்கோங்க. நான் தடுக்கல. பொறவு அவரு, அப்புறமென்னங்கற மாதிரி பாத்தாரு. "அவளுக்கேதான் பெருசா இஷ்டமில்லீங்க சார். உங்க மூஞ்சிக்காகத்தான் சரின்னுட்டா. ஊட்டுக்கு வந்து வெசனப்பட்டுக்கிட்டு இருக்கறா. இத அவகிட்டக் கேட்டுறாதீங்க, கேட்டா இல்லேன்னுதான் சொல்லுவா"ன்னேன்.

பிரான்சிஸ் சாருக்கு ரொம்பச் சங்கடமாப் போச்சு. நல்லவேளை சொன்னீங்க சென்னியப்பன்னு கையப் புடிச்சுக்கிட்டாரு.

ஏனுங்க எழுதறத நிறுத்திட்டீங்க? பேனா தீந்துருச்சா? பொய்யிங்கறீங்களா? இதுல பொய் எங்கிருந்து வந்துச்சு. பொண்டாட்டி மனசுல என்ன இருக்குதுன்னு ஊட்டுக்காரனுக்குத் தெரியாம, கம்பெனிக்காரனுக்கா தெரியும்? அவ வெசனப்படத்தான் செஞ்சா. ஓசூருல குளிரடிக்குமேன்னு ஒருக்கா சொன்னா, நானே கேட்டேன். உங்களுக்கு ஒரு ஸ்வெட்டரு எடுக்கோணும் மாமான்னா.

ரெண்டு ஆம்பளைங்கள்ல ஒருத்தருக்குக் குடுத்துட்டாங்க. அன்னிக்குச் சாயங்காலம் வந்து, பையக்கூட எறக்காம இந்தா இந்தச் சேர்லதான் உக்காந்தா. கடைசிக் கேள்விக்கு நான் சரியா பதில் சொல்லல போலிருக்குது மாமா, எங்கியோ எனக்குப் பத்தலைன்னா. காரணம் ஒண்ணும் சொல்லலியாமா, அடுத்த தடவ பாக்கலாம்னாங்களாமா. கண்ணுல தண்ணி நிக்குது.

நான் பக்கத்துல உக்காந்தேன். தோள்ல கை போட்டேன். "இந்தக் கம்பெனிக்காரனுங்களுக்குப் பொம்பளைன்னா எளக்காரம் கோகிலா. பயிற்சி குடுப்பானுங்க, பரிசு குடுப்பானுங்க, போட்டோ எடுப்பானுங்க, பெரிய எடத்துல மட்டும் உக்கார வெக்க மாட்டானுங்க. நீ மனச உட்டுறாத"ன்னேன். எந்தோள்ல சாஞ்சு அழுதா. கல்யாணமான புதுசுல அவங்கம்மா ஊட்ட நெனச்சு அழுவா, அதே மாதிரி. எனக்கும் கண்ணு கலங்கிப் போச்சு. அவ அப்புடி எங்கிட்ட வந்து எத்தன நாளாச்சுங்கறீங்க. அன்னிக்கு அவளுக்குப் புருசன் ஒருத்தன் வேணும்னு இருந்துச்சு, நான் இருந்தேன். அதுக்கு மேல ஒரு மனுசனுக்கு என்ன வேணும்.

இதையும் எழுதோணும் அம்மிணி. கம்பெனிக்காரனுங்க பொம்பளைங்கள மேல உடறதில்ல. ஆராய்ச்சில அது கண்டிப்பா வரோணும்.

இப்ப காலைல இன்னும் நேரத்துல எந்திரிக்கறா. இங்கிலீசு பத்தலன்னு நெனச்சுக்கிட்டிருக்கறா, போன்ல ஒரு கிளாஸுல சேந்துட்டா. பாக்கறதுக்குப் பாவமா இருக்குது. வேண்டாம்னு சொன்னாக் கேட்டாத்தானே.

வண்டிச் சத்தம் கேக்குது, வந்துட்டாளாட்டிருக்குது. பிரான்சிஸ் சார்கிட்டப் பேசுனத அவகிட்டச் சொல்லிக்க வேண்டாம், சரிங்களா. அது எங்க ஊட்டு விசயம். நீங்க கேக்க வேண்டியத நல்லாக் கேளுங்க. ஓசூரு ஏன் கெடைக்கலன்னும் கேளுங்க. எனக்குத் தகுதி பத்தலைன்னுதான் சொல்லுவா, அத மட்டும் நம்பி எழுதிறாதீங்க. அந்த யூனிட்ட அவ ஒத்தையா நின்னு நடத்தியிருப்பா அம்மிணி, அங்க ஒரு பய அவ பக்கத்துல வந்திருக்க முடியாது. எனக்குத் தெரியுமுங்க. அது தெரியாட்டி, பிரான்சிஸ் சார்கிட்ட நான் எதுக்கு அப்புடிச் சொல்லப் போறேன்.